கழகம் எவருடைய சொத்து?

நெல்லிக்குப்பத்தில் அது கரும்பு அரவைக் காலம். ஆலைக்குச் செல்லும் கரும்பு வண்டிகள் கடைத்தெருவை அடைத்து நிற்க, அவற்றினூடே புகுந்து வந்த மதரஸாப் பிள்ளைகள், அஸர் தொழுகை முடிந்து நெடுநேரம் கழித்தே ஓத வந்து சேர்ந்தனர். வந்தவர்களுள் இருவருக்கிடையே பெரும் வழக்கு. ஒருவனுடைய தந்தை நெய்வேலிச் சுரங்கத்தில் பணியாற்றுபவர். மற்றவன் கடைக்காரர் மகன். வழக்கின் பொருள் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் கழகங்கள் இரண்டனுள் எது பெரிது என்பது. கடைசியில் கடைக்காரர் மகன் தன் வாதத்தை இப்படி முடித்தான்: "போடா, எங்க கிளப்பை அரபுக்காரங்க வாங்கியாச்சு. அது இப்ப நம்மளோடது."

நாம் கிதாபை மூடி வைத்தோம். "நம்முடையதா, தம்பி? எந்த வகையில் நம்முடையது?" என்று கேட்டோம். அவன் விழித்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன் அணிந்திருந்த சட்டையின் மார்பில் பெரிய எழுத்துகளில் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அது என்னவென்று கேட்டோம். கழகத்தின் பெயராக இருக்கும் என்றான். பிறகு விசாரித்து அறிந்தோம்: அது ஒரு சூதாட்ட நிறுவனத்தின் பெயர். அதை நெஞ்சில் தாங்கியபடியே அந்தப் பிள்ளை அன்று மக்ரிபுக்கு முதல் வரிசையில் நின்றான். அவன் மேல் குற்றம் எதுவுமில்லை. கடையில் தொங்கியதைத் தாய் வாங்கிக் கொடுத்தார், அவன் அணிந்தான்.

கால்பந்து பற்றி எழுதும் தகுதி இந்த ஹஜ்ரத்துக்கு எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் எண்ணக்கூடும். நாம் ஓதிய காலத்தில் பந்தைக் கையில் எடுத்தாலே பிரம்பு பேசும். ஆயினும் விடுமுறையில் சைக்கிளில் நெய்வேலி நகரியத்துக்குச் சென்று, பல மாநிலத்துத் தொழிலாளர்கள் கூடி ஆடிய ஆட்டங்களை வேலியோரம் நின்று கண்ட நாட்கள் உண்டு. அந்தப் பழைய ஆசையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "நம்மளோடது" என்று அச்சிறுவன் சொன்ன சொல் அதைவிடவும் தூண்டியது. ஏனெனில், நம்மவர் பலர் அவ்வாறே சொல்லிக்கொண்ட கழகம் ஒன்று இந்த நாட்டில் உண்மையாகவே இருந்தது. அதிலிருந்து ஒருவர், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஐரோப்பியக் கழகம் ஒன்றின் சட்டையை அணிந்து ஆடினார். பிள்ளைகள் இருவரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

1887-ஆம் ஆண்டை முதலில் நினைவிற் கொள்வோம். அவ்வாண்டு நவம்பரில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கிழக்குப் பகுதியில், வால்ஃப்ரிட் என்னும் கத்தோலிக்கத் துறவி ஒரு கால்பந்துக் கழகத்திற்கு வித்திட்டார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து வறுமையில் வாடிய மக்களின் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். அதுவே செல்டிக் கழகம். அதே 1887-இல் கல்கத்தாவில் முஸ்லிம் இளைஞர் சிலர் கூடி ஜூபிலி கிளப் என்ற ஒன்றைத் தொடங்கினர். அது இரண்டொரு முறை பெயர் மாறி, 1891-இல் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் ஆயிற்று. ஆங்கே நாடு விட்டு வந்த சிறுபான்மையினர். ஈங்கே ஆட்சியும் அந்தஸ்தும் இழந்து நின்ற ஒரு சமுதாயம். ஒன்றையொன்று அறியாத இவ்விரு கழகங்களும் ஒரே ஆண்டில் வேர்விட்டது நமக்கு வியப்பளிக்கிறது.

கல்கத்தாவில் அக்காலத்தில் ஆட்டத்தின் தலைமை முழுவதும் வெள்ளையர் கையில் இருந்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் கழகத்தார், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். வென்றவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள், அந்த வெற்றியைக் கேட்டு முஸ்லிம் கழகத்தார் மகிழ்ச்சியால் நிலைகொள்ளாமல் துள்ளியதை அந்நாளைய முஸ்லிம் பத்திரிகை பெருமிதத்தோடு வெளியிட்டது. கேடயம் வந்தும் லீக் கோப்பை வரவில்லை. 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக்கை 1933 வரை ஓர் இந்தியக் கழகமும் வென்றதில்லை. படைப்பிரிவுகளும் வெள்ளையர் கழகங்களுமே மாறி மாறி வென்றன. இறுதி மூன்றாண்டுகள் டர்ஹாம் படைப்பிரிவின் கையில் இருந்தன.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அதுவரை இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1933-இல் அங்கே முன்னேறி, 1934-இல் முதற்பிரிவில் காலடி வைத்தது. வைத்த அந்த ஆண்டே கோப்பையை வென்றது! 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்தாண்டுகள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்து வந்தது. வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் இவ்வெற்றியைக் கவிதையாக்கினார்.

இவ்வெற்றி எப்படி வந்தது? பிரார்த்தனையால் மட்டும் வந்ததென்று மேடையில் பேசுவோர் உண்டு. நிர்வாகிகள் இரண்டு காரியங்கள் செய்தனர். ஒன்று, மழையில் சேறான களத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து, அத்தகைய நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினர். மற்றொன்று, கல்கத்தாவுக்குள் மட்டும் தேடாமல் பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தனர். உள்ளூர்ப் பிள்ளைகளை விட்டு வெளியூராரை இறக்குகிறார்களே என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. இன்று ஐரோப்பியக் கழகங்கள் மீது நாம் சொல்லும் குறையை, அன்று கல்கத்தாவில் நம்மவர் மீதே பிறர் சொன்னார்கள். இதை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையன்று. 1911-இல் இருந்த அந்த மகிழ்ச்சியும் நாளடைவில் நிலைக்கவில்லை. ஆட்டத்தின் வெற்றி தோல்விகளில் அரசியல் கலந்தது. கரவொலியும் வசையும் சமயம் பார்த்து எழுந்தன. அது கசப்பான அத்தியாயம்.

நாம் சொல்ல வந்தவர் முஹம்மது சலீம். அவத் நவாபு வாஜித் அலி ஷா நாடிழந்து வந்து தங்கிய மட்டியாபுர்ஜ் பகுதியில் 1904-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பல கழகங்களில் ஆடி, 1934-இல் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கில் நிலைபெற்றார். வலது ஓரத்தில் ஓடுபவர். பூட்ஸ் அணிய மாட்டார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் செல்லும் வழியில் சீன அணி கல்கத்தாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் களமிறங்கினார். அடுத்த ஆட்டத்தில் ஆளைக் காணோம். இங்கிலாந்தில் வாழ்ந்துவந்த உறவினர் ஒருவர், "உன் ஆட்டத்தை ஐரோப்பா பார்க்க வேண்டும்" என்று வற்புறுத்திக் கப்பலேற்றி அழைத்துச் சென்றுவிட்டார்!

இருவரும் கிளாஸ்கோ சென்று செல்டிக் கழகத்தின் வாசலில் நின்றனர். நிர்வாகி வில்லி மேலி நாற்பதாண்டுக்கால அனுபவம் உடையவர். இந்தியாவிலிருந்து கப்பலில் ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஆனால் அவர் வெறுங்காலுடன்தான் ஆடுவார் என்று உறவினர் சொன்னதைக் கேட்டு அவர் நகைத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆயினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். சலீமுடைய கால்களுக்குத் துணிப்பட்டி கட்டினார் கழகத்தின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி. அந்தக் காட்சியின் புகைப்படம் இன்றும் உள்ளது. ஒரு காலத்தில் தாமே புகழ்பெற்ற ஆட்டக்காரராயிருந்த அவர், அடிமை நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பாதத்தைப் பிடித்துக் கட்டுப் போடுகிறார். ஆண்டோ 1936! அப்படத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 28-ஆம் நாள் கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டம். செல்டிக் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. மறுநாள் ஏடுகள் சலீமின் கால்விரல்களைப் பற்றியே எழுதின. பெருவிரலில் பந்தை நிறுத்தி, சிறுவிரல் வரை உருட்டி, எதிரியைச் சுற்றி வந்த வித்தையைக் கண்டு கூட்டம் மயங்கியது என்றன. ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்திலும் வெற்றி, ஐந்துக்கு ஒன்று. கழகத்தின் முதல் அணியில் அவர் ஆடவில்லை. இரண்டாம் நிலை ஆட்டங்களே இவை. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்று ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக ஆடிய முதல் மனிதர் என்று அவரையே வரலாறு குறிக்கிறது.

இருக்குமாறு வேண்டினர். சலீமுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அவரைத் தக்கவைக்க, அவர் பெயரில் ஒரு தரும ஆட்டம் நடத்தி வசூலில் ஒரு பங்கு தருவதாகக் கழகம் சொன்னதென்றும், தம் பங்கை அந்த ஆட்டத்துக்கு அழைக்கப்படும் அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிடுமாறு அவர் சொன்னாரென்றும் அவருடைய குடும்பத்தார் கூறிவந்தனர். ஏழைக் குழந்தைகளின் உணவுக்காகப் பிறந்த கழகத்திடம், அதன் தொடக்கத்தை அறிந்தோ அறியாமலோ, மட்டியாபுர்ஜ்காரர் ஒருவர் சொன்ன சொல் இது. 1937-இல் அவர் மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் கருப்பு வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

கழகத்தின் புகழ் பின்னரும் வளர்ந்தது. 1937-இல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை இறுதியில் அதைத் தோற்கடித்தவர்கள் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியினர். அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுவே. 1940-இல் டில்லியில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்று, முஹம்மதன் ஸ்போர்ட்டிங் டூராண்ட் கோப்பையைக் கொண்டுவந்தது. 1888 முதல் நடந்துவந்த அப்போட்டியில் இந்தியக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

இனி, நம் பிள்ளைகள் அன்று வழக்காடிய ஐரோப்பாவுக்கு வருவோம்.

1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம், போஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதுவரை, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் பழைய கழகம் விலை கேட்டு ஆளைப் பிடித்து வைக்கலாம் என்றிருந்தது. அது கூடாதென்றும், ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டினரை இத்தனை பேர்தான் என்று வரையறுப்பதும் கூடாதென்றும் தீர்ப்பாயிற்று. மனிதன் சரக்கல்லன், ஆகவே தீர்ப்பு நியாயமே என்பது நம் கருத்து. ஆனால் அதன் பின் நல்ல ஆட்டக்காரர் அனைவரும் பணமுள்ள சில கழகங்களில் சென்று குவிந்தனர். 2017-இல் நெய்மார் ஒருவருக்காக மட்டும் 22 கோடியே 20 லட்சம் யூரோ கைமாறியது. கொடுத்தது கத்தார் நாட்டு முதலீட்டில் இயங்கும் பாரிஸ் கழகம். 2008-இல் அபூதாபிச் செல்வம் மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. 2021-இல் சவூதிப் பொதுநிதி நியூகாசிலை வாங்கியது. வாங்கியவர்கள் கலிமா சொன்னவர்கள் என்பதால் இவ்வாணிபத்துக்குத் தனிச் சிறப்பு ஏதும் வந்துவிடாது. அமெரிக்கர் வாங்கினால் கொள்ளை, அரபியர் வாங்கினால் பெருமை என்று பேசுவது நீதியாகாது.

நல்ல உடையவர் கையில் கழகம் செழிக்கலாம். கெட்டவர் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பெரி கழகம் சான்று. 1885-இல் பிறந்த அக்கழகம், கடனில் மூழ்கி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பாட்டன் காலந்தொட்டு அங்கே சென்று வந்தவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுதனர்.

2021 ஏப்ரல் 18-இல் இன்னொன்று நடந்தது. ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் கூடி 'சூப்பர் லீக்' என்ற தனிப் போட்டியை அறிவித்தன. நிறுவனக் கழகங்கள் தோற்றாலும் வெளியேற மாட்டா. பிறருக்கு இடம் மிகச் சொற்பம். இங்கிலாந்தின் ரசிகர்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாளில் அந்நாட்டின் ஆறு கழகங்களும் பின்வாங்கின. நாம் அச்செய்தியைப் படித்தபோது எண்ணியது கல்கத்தாவைத்தான். 1933-இல் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவுக் கதவை இப்படி அடைத்திருந்தால் 1934 ஏது? இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த ஒரு கழகம் முதலாண்டிலேயே வென்றதே, அந்த வாசல் திறந்திருந்ததால் அல்லவா!

நம் நாட்டிலும் அவ்வாசல் சில காலம் அடைபட்டே இருந்தது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், கீழ்ப்போட்டியில் வென்றவர் மேலே வரும் வழி 2023-இல்தான் திறந்தது. 2023-24-இல் ஐ-லீக்கை வென்று அவ்வழியே முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. முதலீட்டாளர் வந்தனர். ஆனால் 2024-25 பருவத்தில் கழகம் கடைசி இடத்தில் நின்றது; சம்பள நிலுவையால் பயிற்சியாளர் விலகினார்; ஆட்டக்காரர் பயிற்சிக்கு வர மறுத்தனர். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கப் பணித்த நபிகளாரின் பெயரைத் தாங்கிய கழகம் அது! மோகன் பகான் ரசிகர்களும் இத்தகைய வேதனையை அறிவர். 2020-இல் முதலீட்டாளரின் அணிப்பெயர் அவர்களுடைய நூற்றாண்டுப் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்டது. விடாமல் போராடி, 2023-இல் அதை நீக்க வைத்தனர்.

கழகத்துக்கு அரபியில் 'நாதீ' என்பர். அழைத்தல் என்னும் வேரில் பிறந்த சொல். அலக் அத்தியாயத்தில் ஒருவன் துணைக்கு அழைக்கும் தன் கூட்டத்தாரைக் குறிக்க வருகிறது. 1907-இல் கெய்ரோவில் தோன்றிய புகழ்பெற்ற கழகத்தின் பெயரான 'அஹ்லீ' என்பதும் மக்களுக்குரியது என்ற பொருளையே தருகிறது. அழைத்தால் வருபவர்களே கழகம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. அப்படியாயின் அது விற்பனைக்குரிய பொருளா?

ஜெர்மானியர் 1998-இல் ஒரு விதி செய்தனர். கழகத்தில் எவ்வளவு பணம் போட்டாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்பது அது. சில விலக்குகள் உண்டெனினும் விதி நிற்கிறது. இதைப் படித்தவுடன் வக்ஃப் பாடம் நம் நினைவுக்கு வந்தது. வக்ஃப் செய்த பொருளைக் கொடுத்தவரே திரும்பப் பெறலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா அவர்களுக்கும் அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கொடுத்தபின் அது கொடுத்தவர் கையை விட்டு நீங்கியது, விற்கவும் வாரிசுக்கு விடவும் இயலாது என்ற மாணவர்களின் சொல்லே பின்னர் தீர்ப்பாக நிலைத்தது. முதவல்லி காவலரே தவிர உடையவர் அல்லர். கழகத்தை வக்ஃப் என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. அந்த மனப்பான்மையோடு அதை நடத்தியிருந்தால் பெரி நகரத்தார் அழுதிருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

சட்டையில் இருந்த அந்தப் பெயரை மறக்கவில்லை. இங்கிலாந்தின் முதல்நிலைக் கழகங்கள், 2025-26 பருவத்துக்குப் பின் சட்டையின் முன்புறத்தில் சூதாட்ட விளம்பரம் இராது என்று 2023-இல் ஒப்புக்கொண்டன. சட்டையின் கையில் தடையில்லை! மாலி நாட்டைச் சேர்ந்த ஃபிரடெரிக் கானூட்டே, ஸ்பெயினின் செவில்யா கழகத்தில் ஆடியபோது, 2006-இல் சூதாட்ட நிறுவனத்தின் பெயரைச் சுமக்க மனமின்றி, அப்பெயரில்லாத சட்டையுடன் களமிறங்கினார். அடுத்த ஆண்டு அந்நகரத்துப் பள்ளிவாசல் ஒன்று ஒப்பந்தம் முடிந்து விற்பனைக்கு வந்தபோது, தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கித் தொழுவோருக்கே விட்டார். சலீம் ஆடிய செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சட்டையிலும் 2016 முதல் ஒரு சூதாட்ட நிறுவனத்தின் பெயர் ஏறியது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. நாலைந்து மாலைகள் ஆயின. சுரங்கத் தொழிலாளியின் மகன் சலீமின் கால் கட்டும் படத்தைத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டான். கடைக்காரர் மகன் மட்டும், "அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு ஹஜ்ரத்? அந்த கிளப்காரங்க அவரை மறந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

சலீம் 1980-இல் கல்கத்தாவில் காலமானார். அவர் முதுமையில் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் குறிப்பிட்டார். உண்மையில் பணம் கேட்பது அவர் நோக்கமன்று. நாற்பதாண்டுகளுக்கு முன் இரண்டே ஆட்டங்கள் ஆடிய தம் தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதினார். கிளாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. உள்ளே நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலை இருந்தது. அதை அவர் பணமாக மாற்றவேயில்லை.